கிலோமீட்டர் கணக்க போடுறீங்க, பிளேட்டோட கதைய யாரு எழுதுவா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடியில பேட்டரி கடை வச்சிருக்கேன், 23 வருஷமாச்சு. இன்வெர்ட்டர், கார், டிராக்டர் பேட்டரின்னு ஆரம்பிச்சது, இப்ப கொஞ்ச வருஷமா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேக்கும் கைக்கு வருது. படிச்சது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. காலையில கடைய திறந்து ஊதுபத்தி கொளுத்தி வச்சதும் முதல்ல கையில எடுக்கிறது உங்க பேப்பர்தான், அதனாலதான் இந்த லெட்டர உங்களுக்கே எழுதுறேன், கொஞ்சம் நீளமா போயிடும், முடிஞ்ச வரைக்கும் வெட்டாம போடுங்க.

போன மாசம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஆட்டோவுல ஒரு 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரிய, அதாவது இன்வெர்ட்டருக்கு போடுற ஈய ஆசிட் பேட்டரிய, ஏத்திக்கிட்டு வந்தாரு. வாங்கி ரெண்டு வருஷம்கூட முடியல. "தம்பி, பேக்கப்பே நிக்கலப்பா, ஒரு ஃபேன் போட்டா பத்து நிமிஷத்துல கீ கீன்னு கத்துது"ன்னாரு. மூடிய திறந்து ஹைட்ரோமீட்டர விட்டு ஆசிட்ட உறிஞ்சினா மிதவை எழும்பவே இல்ல, அடியிலயே உக்காந்திருச்சு, ஆறு செல்லும் அதே கதி. நல்ல பேட்டரின்னா கிராவிட்டி (தண்ணிய 1000-ன்னு வச்சா ஆசிட்டோட அடர்த்தி) 1240, 1250 காட்டணும், இது 1100-க்கும் கீழ கிடக்குது. என்ன சார் பண்ணீங்கன்னு கேட்டா போன எடுத்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்ட காட்டுறாரு. பேட்டரிய சுத்தமா காலி பண்ணி அப்படியே ரெஸ்ட் விட்டா இழந்த சக்தி திரும்ப வரும், ஆயுசு கூடும், அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடிப்புன்னு போட்டிருக்கு. மனுஷன் மகள் வீட்டுக்கு ஊருக்கு போறப்ப ஃபேன் லைட் எல்லாம் போட்டு பேட்டரிய கடைசி சொட்டு வரைக்கும் காலி பண்ணிட்டு, மெயின ஆஃப் பண்ணிட்டு போயிட்டாரு, ஒரு மாசம் கழிச்சு வந்து பாத்தா இதான் நிலைமை. பென்ஷன் காசுல வாங்கின பேட்டரி ஐயா அது.

எனக்கு வயிறு எரிஞ்சதுக்கு காரணம் வேற. அந்த ஃபார்வேர்டு பொய் இல்ல. 2024-ல நிஜமாவே அப்படி ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில யி சுய் குழு செஞ்சது, நேச்சர்ங்கிற பத்திரிகையில வந்தது. ஆனா அது லித்தியம் மெட்டல்ல எலக்ட்ரோடு (உள்ள இருக்கிற மின்முனைத் தகடு) வச்சு பண்ற பேட்டரிய பத்தினது, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்துற அந்த மாதிரி பேட்டரி நம்ம கடைகள்ல விக்கிற சாமானே கிடையாது. நடுவுல யாரோ ஒருத்தர் "லித்தியம் மெட்டல் எலக்ட்ரோடு"ங்கிற மூணு வார்த்தைய எடுத்துட்டு வெறும் "பேட்டரி"ன்னு போட்டுட்டாங்க. அந்த மூணு வார்த்தை போனதுல ஒரு வாத்தியாரோட பேட்டரி போச்சு. உங்க பேப்பர்ல அப்படி வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஆனா நீங்களும் பேட்டரி நியூஸ் போட்டா எத்தனை நிமிஷத்துல சார்ஜ் ஏறும், எத்தனை கிலோமீட்டர் ஓடும், இது ரெண்டோட நிறுத்திடுறீங்க. உள்ள இருக்கிற எலக்ட்ரோடு என்ன, அது மேல என்ன நடக்குதுன்னு ஒரு வரி இருக்காது. பேட்டரி வாழறதும் சாகறதும் அந்த எலக்ட்ரோடோட மேல்பரப்புலதான் ஐயா, அத விட்டுட்டு எழுதினா சமையல பத்தி எழுதிட்டு அடுப்ப பத்தி எழுதாத மாதிரி.

வாத்தியாருக்கு நான் என்ன காட்டினேன்னு சொல்றேன். கடையில கல்லாவுக்கு பக்கத்துல ரெண்டு நெகட்டிவ் பிளேட் கழுவி காய வச்சு வச்சிருக்கேன், ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது, ஸ்கிராப் பேட்டரியில இருந்து கிளவுஸ் போட்டு எடுத்தது. நல்ல பிளேட்ட ஆணி முனையால ஒரு கீறு கீறினா கீறின இடம் பளிச்சுன்னு ஈயமா மின்னும். கெட்டத கீறினா மின்னாது, பட்டினத்து மணல் மாதிரி சொரசொரன்னு உதிரும், வெளுத்து சாம்பல் பூத்து இருக்கும். அது ஈய சல்ஃபேட். பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகும்போது ரெண்டு பிளேட்டு மேலயும் இந்த சல்ஃபேட் படியத்தான் செய்யும், அது தப்பில்ல, அப்ப அது மாவு மாதிரி நைசா இருக்கும், உடனே சார்ஜ் போட்டா கரைஞ்சு நெகட்டிவ்ல திரும்ப ஈயமாவும் பாசிட்டிவ்ல ஈய டை ஆக்சைடாவும் ஆயிடும். அப்படியே நாள் கணக்குல விட்டா சின்ன சின்ன படிகமெல்லாம் கரைஞ்சு பெரிய படிகத்தோட போய் சேரும், சீனிப்பாகு ஆறினா கல்கண்டு கட்டுற மாதிரி. கல்கண்டு ஆனதுக்கு அப்புறம் நீங்க எவ்வளவு கரண்ட் குடுத்தாலும் சீக்கிரத்துல கரையாது. அதான் சார்ஜ்ல போட்டவுடனே வோல்டேஜ் சரசரன்னு ஏறுது, கிராவிட்டி மட்டும் அசைய மாட்டேங்குது.

ஆக ஈயத்துக்கு காலியா கிடக்கிறது விஷம், அந்த அமெரிக்கா பேட்டரிக்கு காலியா கிடக்கிறது மருந்து. ரெண்டும் பேட்டரிதான், எலக்ட்ரோடு வேற.

இன்னொண்ணு சொல்றேன், இத காலேஜ்ல படிச்சப்ப எனக்கு தூக்கமே வரல. தண்ணிய கரண்ட் விட்டு ஹைட்ரஜன் ஆக்சிஜனா பிரிக்கிறதுக்கு கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நம்ம ஈய பேட்டரியில ஒரு செல்லுக்கு 2 வோல்ட்டுக்கு மேல இருக்கு, உள்ள இருக்கிற ஆசிட்ல பெரும்பங்கு தண்ணி. அப்ப கணக்குப்படி அந்த பேட்டரி சும்மா இருக்கும்போதே தண்ணிய பிரிச்சு பிரிச்சு தானா காலியாயிடணும். ஏன் ஆகல? ஈயத்து மேல ஹைட்ரஜன் உண்டாகுறது அவ்வளவு மந்தம். பிளாட்டினத்து மேல நடக்குற வேகத்தோட ஒப்பிட்டா ஈயத்துல கிட்டத்தட்ட 100 கோடி மடங்கு கம்மி. ஜெர்மனியில யூலியஸ் டாஃபெல்னு ஒருத்தர் ஈய எலக்ட்ரோடு வச்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு, எவ்வளவு வோல்டேஜ் கூட்டினா எவ்வளவு கரண்ட் கூடுதுன்னு அளந்து 1905-ல ஒரு சூத்திரம் போட்டாரு, இன்னிக்கு வரைக்கும் எலக்ட்ரோடு ஆராய்ச்சி பண்றவங்க அவர் பேர சொல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாது. 1859-ல பிரான்ஸ்ல பிளான்டேங்கிறவரு பண்ணின ஈய பேட்டரி இன்னிக்கும் நம்ம வீட்டு மூலையில நிக்குதுன்னா அதுக்கு ஈயத்தோட இந்த மந்தம்தான் காரணம்.

இத தெரிஞ்சுக்கிட்டா டிஸ்டில்டு வாட்டர் ஏன் ஊத்தணும்னு தானா புரிஞ்சிடும். எங்க பக்கம் போர் தண்ணி உப்பு, இரும்பும் இருக்கும், பக்கெட்ல பிடிச்சு வச்சா செவந்துபோகும். அத பேட்டரியில ஊத்துறாங்க, ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு யோசிச்சுக்கிட்டு. அந்த இரும்பு என்ன பண்ணும்னா பாசிட்டிவ் பிளேட்டுக்கு போய் ஒரு எலக்ட்ரான குடுத்துட்டு வரும், நெகட்டிவ்ல வந்து ஒண்ண வாங்கிக்கிட்டு திரும்ப போகும், மினி பஸ் மாதிரி ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கும், வெளியில ஒரு பல்பு எரியாமலே பேட்டரி டவுனாகும். உப்புல இருக்கிற குளோரைடு பாசிட்டிவ் பக்கத்து ஈயக் கம்பிய அரிக்கும். "தண்ணிதானே"ன்னு ஊத்துறவங்களுக்கு இத ஒரு தடவை உக்காரவச்சு சொன்னா அடுத்த தடவை ஊத்த மாட்டாங்க, நான் பாத்திருக்கேன்.

இப்ப லித்தியத்துக்கு வரேன். ஸ்கூட்டர், போன், லேப்டாப் எல்லாத்துலயும் இப்ப அனேகமா இருக்கிறது லித்தியம் அயான் பேட்டரி. இதுல பெரும்பாலும் எதிர்மின்முனை கிராஃபைட், நம்ம பென்சில்ல இருக்கிற அதே கரி. கிராஃபைட்டு அடுக்கு அடுக்கா இருக்கும், சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயான் அந்த அடுக்குக்கு நடுவுல போய் உக்காரும், ஓட்டும்போது எழுந்து எதிர்ப்பக்கம் போகும். என் அக்கா மகன் வெளிமாநிலத்துல ஒரு பேட்டரி லேப்ல பிஎச்.டி. பண்றான். போன தீபாவளிக்கு வந்தப்ப ஒரு வீடியோ காட்டினான், காத்து ஈரம் எதுவும் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள்ள நீளக் கை கிளவுஸ் வழியா கைய விட்டு, ஃபுல் சார்ஜ்ல இருக்கிற ஒரு செல்ல பிரிச்சு கிராஃபைட் பக்கத்த விரிக்கிறாங்க. கரியா இருக்கும்னு நெனச்சு பாத்தா தங்கம் ஐயா! புளி போட்டு தேய்ச்சு வெயில்ல கவுத்த பித்தளைச் செம்பு மாதிரி மின்னுது. லித்தியம் ஏற ஏற கறுப்பு நீலமாகி, நீலம் சிவப்பாகி, முழுசா நிறைஞ்சா தங்க நிறமாகுமாம், பாதி சார்ஜ் ஏறின கிராஃபைட்ட பாத்தா எந்த இடம் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு கலரே சொல்லிடும். 23 வருஷமா பேட்டரியோட பொழங்குற எனக்கு இது தெரியாதுங்கிறது அன்னிக்கு மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

அந்த தங்கத் தகட்டுல ஒரு ஓரத்துல சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு. "மாமா, அதான் பிளேட்டிங், வேகமா சார்ஜ் பண்ணினதோட தழும்பு"ன்னான். கல்யாண வீட்டுல பந்தி நடக்கிறத நெனச்சுக்கோங்க, நிதானமா ஆளு வந்தா ஒவ்வொரு வரிசையா உக்காந்துக்கலாம், ஒரே நேரத்துல முந்நூறு பேர் வந்து நின்னா வாசல்லயே நெரிசலாயிடும். அதே மாதிரி ரொம்ப வேகமா கரண்ட்ட தள்ளினா லித்தியம் அடுக்குக்குள்ள போக நேரமில்லாம கிராஃபைட்டு மேலயே உலோகமா படிஞ்சிடும். கிராஃபைட்டுக்குள்ள லித்தியம் போற வோல்டேஜுக்கும் அது உலோகமா படியிற வோல்டேஜுக்கும் நடுவுல வெறும் 0.1 வோல்ட் போலதான் இடைவெளி, அவ்வளவு ஒடுக்கமான சந்துல நடக்கிற விஷயம் இது. குளிர்ல அயான் இன்னும் மெதுவா உள்ள நகரும், அதனால ஊட்டி கொடைக்கானல்ல மார்கழி விடியக்காலையில ஃபாஸ்ட் சார்ஜ் போடுறது வண்டிக்கு நல்லதில்ல. படிஞ்ச லித்தியம் ஊசி ஊசியா வளர்ந்தா நடுவுல இருக்கிற சவ்வ கிழிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் தொட்டுடும், தொட்டா ஷார்ட்டு. (தயவுசெஞ்சு இத படிச்சிட்டு வீட்டுல யாரும் செல்ல பிரிச்சு பாக்க வேணாம், காத்துல ஈரம் பட்டாலே தீப்பிடிக்கும்.)

படியிறது ஒரு பக்கம்னா மேல்தோல் இன்னொரு பக்கம். புது செல்லுக்கு முதல் தடவை சார்ஜ் போடும்போது உள்ள இருக்கிற திரவத்துல கொஞ்சம் கிராஃபைட்டு மேல பட்டு சிதைஞ்சு ஒரு படலமா படியும். நம்ம தலைமுடிய நீளவாக்குல ஆயிரம் கீத்தா கிழிச்சா வர்ற ஒரு கீத்தவிட அது மெல்லிசு. லித்தியம் அயான உள்ள விடும், எலக்ட்ரான விடாது, அதனால மேற்கொண்டு திரவம் சிதையறது அடங்கிடும். 1979-ல இஸ்ரேல்ல இம்மானுவேல் பெலெட்ங்கிறவரு இதுக்கு எஸ்.இ.ஐ.ன்னு பேர் வச்சாரு. இந்த தோல் சரியா அமையாம எத்தனையோ வருஷம் கிராஃபைட்டு பக்கமே போக முடியல, புரொப்பிலீன் கார்பனேட்னு ஒரு திரவம் போட்டா அது அடுக்குக்குள்ள புகுந்து கிராஃபைட்ட வாழைப்பட்டை உரிக்கிற மாதிரி உரிச்சு போட்டுடும், 1990-ல கனடாவுல ஜெஃப் டான் குழு எத்திலீன் கார்பனேட் போட்டா நல்ல தோல் கட்டுதுன்னு காட்டினாங்க. மூலக்கூறுல ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். 1991-ல சோனி கம்பெனி முதல் லித்தியம் அயான் பேட்டரிய வித்தப்பகூட வேற வகைக் கரிதான் போட்டாங்க, கிராஃபைட் அப்புறம்தான் வந்துச்சு.

இந்த தோல் ஒரு தடவை கட்டினதோட நிக்காது. சூடு பட்டா கொஞ்சம் கொஞ்சமா தடிச்சுக்கிட்டே போகும், தடிக்கிறதுக்கு லித்தியத்த தின்னும், தின்ன லித்தியம் திரும்ப வராது. ஃபுல் சார்ஜ்ல இருக்கும்போது இந்த தீனி இன்னும் ஜாஸ்தி. சித்திரை வெயில்ல 100 சதம் ஏத்தி ஸ்கூட்டர தகரக் கொட்டகைக்கு கீழ நாள் பூரா நிறுத்துறவங்க பேக்கு சீக்கிரம் தேயுறதுக்கு இதான் காரணம், வண்டி ஓடலியே எப்படி தேயும்னு என்கிட்ட சண்டைக்கு வந்தவங்க உண்டு. வண்டி நின்னாலும் தோல் வளரும் ஐயா. நான் எல்லாருக்கும் சொல்றது, ஓட்டிட்டு வந்த சூட்டோட பிளக்க சொருகாதீங்க, அரை மணி நேரம் நிழல்ல ஆறட்டும், தினசரிக்கு 80, 90 போதும், தூரம் போற அன்னிக்கு மட்டும் முழுசா ஏத்துங்க.

சரி, புதுசா என்ன ஆராய்ச்சி வந்துச்சுன்னு கேப்பீங்க. அந்த வாட்ஸ்அப் ஃபார்வேர்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அந்த கதை முழுசா தெரிஞ்சா அவ்வளவு அழகு.

கிராஃபைட்ட தூக்கிட்டு நேரா லித்தியம் உலோகத்தையே எலக்ட்ரோடா போட்டா ஒரு கிராமுக்கு 3860 மில்லி ஆம்பியர் ஹவர் கெடைக்கும், கிராஃபைட்டுல 372-தான், பத்து மடங்கு. அதனால உலகம் பூரா இதுக்கு பின்னாடி ஓடுறாங்க. சிக்கல் என்னன்னா ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏத்தி இறக்கும்போதும் லித்தியத்துல துண்டு துண்டா பிஞ்சு மேல்தோலுக்குள்ளயே மாட்டிக்கும், கரண்ட் தொடர்பு அறுந்துடும், செத்த லித்தியம்னு பேரே வச்சுட்டாங்க. பேட்டரி போறதுக்கு காரணம் தோலு தின்ன லித்தியமா, இப்படி செத்துக் கிடக்கிற லித்தியமான்னு ரொம்ப நாளா தெரியாம இருந்துச்சு, ரெண்டையும் பிரிச்சு அளக்க வழி இல்ல. 2019-ல சான் டியாகோவுல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி ஷர்லி மெங் குழு என்ன பண்ணினாங்க தெரியுமா, அந்த மிச்சத்துல தண்ணிய ஊத்தினாங்க. உலோக லித்தியம் தண்ணி பட்டா ஹைட்ரஜன் விடும், தோல்ல இருக்கிற லித்தியம் விடாது. வந்த ஹைட்ரஜன அளந்தா செத்த லித்தியம் எவ்வளவுன்னு கணக்கு வந்துடும். பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு புரியிற வேதியியல் ஐயா இது! அளந்து பாத்தா பெரும்பங்கு நஷ்டம் செத்த லித்தியத்தாலதான்னு தெரிஞ்சுது.

அப்புறம் 2021-ல ஸ்டான்ஃபோர்டுல பாத்தாங்க, செத்துப்போச்சுன்னு நெனச்ச அந்த துண்டு சும்மா கிடக்கல, நகருது. சார்ஜ் ஏறும்போது அதோட ஒரு முனையில லித்தியம் படியுது, மறுமுனையில கரையுது, அப்படியே புழு ஊர்ற மாதிரி ஒரு பக்கமா போகுது, டிஸ்சார்ஜ்ல திரும்ப வருது. சார்ஜ் முடிஞ்ச கையோட கொஞ்ச நேரம் வேகமா டிஸ்சார்ஜ் குடுத்தா அது ஊர்ந்து வந்து எலக்ட்ரோட தொட்டுடுது, தொட்டதும் உயிர் வந்துடுது, அவங்க சோதிச்ச செல்லோட ஆயுசு கிட்டத்தட்ட 30 சதம் கூடுச்சு. அடுத்து 2024-ல அதே குழு சொன்னதுதான் வாத்தியாருக்கு வந்த ஃபார்வேர்டு, லித்தியம் மெட்டல் பேட்டரிய முழுசா டிஸ்சார்ஜ் பண்ணி கொஞ்ச நேரம் ரெஸ்ட் விட்டா செத்த துண்டுகள சுத்தி இருக்கிற தோல் கரையுது, அடுத்த சார்ஜ்ல மறுபடி தொடர்பு வருது. இப்ப சொல்லுங்க, இதுல ஈய பேட்டரி எங்க வருது, நம்ம ஸ்கூட்டர்ல இருக்கிற கிராஃபைட் எங்க வருது? ஸ்கூட்டர் பேக்க ஜீரோவுல வாரக்கணக்குல போட்டு வச்சா செல் ரொம்ப கீழ இறங்கி கிராஃபைட்ட தாங்குற காப்பர் தகடே கரைய ஆரம்பிச்சிடும், அப்புறம் பி.எம்.எஸ். (பேக்க காவல் காக்குற எலக்ட்ரானிக் போர்டு) சார்ஜே எடுக்காது, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு அப்படி எங்க கடைக்கு வருது.

நம்ம கிராஃபைட் பேட்டரிக்கும் நல்ல சேதி வந்திருக்கு, அது யாரும் ஃபார்வேர்டு பண்ணல. ஃபேக்டரியில முதல் சார்ஜ் போட்டு தோல் கட்ட வைக்கிறது மெதுவா பல மணி நேரம் பண்ற வேலை, 10 மணி நேரம் போல ஆகும், மெதுவா பண்ணினாதான் லித்தியம் வீணாகாதுன்னு நம்பிக்கை. 2024-ல ஸ்லாக்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சிக்கூடமும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்த ஆளுங்க தலைகீழா அதிக கரண்ட்ல 20 நிமிஷத்துல பண்ணி பாத்தாங்க. வழக்கமா 9 சதம் போல லித்தியம் தோலுக்கு போகும், இதுல 30 சதம் போச்சு, ஆனா அதுக்கப்புறம் அந்த செல்லுங்க சராசரியா 50 சதம் கூடுதல் ஆயுசு உழைச்சுதாம். முதல்லயே லித்தியத்த கொஞ்சம் இழந்ததால பாசிட்டிவ் எலக்ட்ரோடுல கொஞ்சம் இடம் காலியா இருக்கு, அதனால ஒவ்வொரு தடவையும் அத கடைசி வரைக்கும் நெருக்கி பிழியாம ஓடுதுன்னு விளக்கம் சொல்றாங்க. நம்ம வீட்டுல "முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ் போடணும்"ங்கிற பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, செல் ஃபேக்டரிய விட்டு வரும்போதே அந்த முதல் சார்ஜ் முடிஞ்சிடும்.

அதே வருஷ கடைசியில சிமோனா ஒனோரி எல்லாம் சேர்ந்த இன்னொரு ஸ்டான்ஃபோர்டு குழு 92 கடை பேட்டரிய வாங்கி ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்தாங்க. லேப்ல வழக்கமா ஒரே கரண்ட்ல சார்ஜ் டிஸ்சார்ஜ் பண்ணித்தான் ஆயுச கணிப்பாங்க. இவங்க நிஜ ரோட்டுல போற மாதிரி, முடுக்கி, பிரேக் பிடிச்சு, நிறுத்தி, ஓய்வு விட்டு டிஸ்சார்ஜ் பண்ணினாங்க, அதுல 38 சதம் வரைக்கும் ஆயுசு கூட வந்துச்சு. எங்க ஊரு செக்காலை ரோட்டுல பத்தடிக்கு ஒரு பிரேக் போட்டு ஓட்டுற கொரியர் தம்பிகளுக்கு இத நான் சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். லேப் கணக்க மட்டும் வச்சு பழைய வண்டிக்கு விலை பேசுறவங்க இத படிக்கணும்.

இதெல்லாம் எங்கயோ நடக்கிற ஆராய்ச்சி, நமக்கென்னன்னு யாரும் நெனக்க வேணாம். 2019-ல லித்தியம் அயான் பேட்டரிக்கு கெமிஸ்ட்ரி நோபல் குடுத்தப்ப அத வாங்கினவங்கள்ல ஒருத்தரான ஜான் குட்இனஃப் ஐயாவுக்கு 97 வயசு, அவரு சார்பா ஸ்டாக்ஹோம்ல நோபல் உரைய வாசிச்சது ஆறுமுகம் மந்திரம் ஐயா, தென் தமிழ்நாட்டுல அமராபுரம்னு ஒரு சின்ன கிராமத்துல பொறந்தவரு, மதுரையில படிச்சு ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பிஎச்.டி. முடிச்சவரு. தமிழருக்கு பெருமைன்னு பேப்பர்ல படம் வந்தப்ப நானும் கடையில வெட்டி ஒட்டினேன். ஆனா அவரு என்ன கண்டுபிடிச்சாருன்னு அந்த நியூஸ்ல ஒரு வரி இல்ல. நான் சொல்றேன். இரும்பு மலிவு, ஆனா வெறும் இரும்பு ஆக்சைடுல எலக்ட்ரோடு பண்ணினா வோல்டேஜ் ரொம்ப கம்மி, உபயோகமில்ல. ஆக்சைடுக்கு பதிலா சல்ஃபேட் மாதிரி ஒரு கூட்டணிய இரும்புக்கு பக்கத்துல வச்சா அதே இரும்போட வோல்டேஜ் 3.6 வரைக்கும் ஏறுதுன்னு அவரும் குட்இனஃபும் 1980-கள்ல காட்டினாங்க. அந்த வழியில போய்த்தான் 1997-ல குட்இனஃப் லேப்ல லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்துச்சு. இன்னிக்கு எங்க கடைக்கு "எல்.எஃப்.பி. பேக் போட்டுக் குடுங்க"ன்னு வர்றவங்க கேக்குறது அதத்தான். பக்கத்துல யார் உக்காந்திருக்காங்கங்கிறத வச்சு இரும்போட குணமே மாறுது பாருங்க, இத எழுதினா பிளஸ் டூ பசங்க படிக்க மாட்டாங்களா?

எங்க ஊருக்கு இதுல தனி உரிமையும் இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948 ஜூலை 25-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்னிக்கு ராதாகிருஷ்ணன் திறந்து வச்சதுதான் எங்க சிக்ரி, எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்குன்னே இருக்கிற மத்திய ஆராய்ச்சி நிலையம். பேட்டரி, துரு, முலாம், குளோரின் தயாரிக்கிற எலக்ட்ரோடுன்னு எல்லாம் அங்க நடக்குது, கடல் காத்துல இரும்பு எப்படி அரிக்குதுன்னு பாக்க மண்டபத்துல தனி நிலையமே இருக்கு. எங்கப்பா சைக்கிள்ல என்ன ஏத்திக்கிட்டு அந்த கேட்ட தாண்டி காலேஜுல கொண்டுபோய் விடுவாரு, உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டா "கரண்ட் ஆபீஸ் மாதிரி ஏதோ"ம்பாரு. ஊரே அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்பவும் பாதிப்பேரு அப்படித்தான். இவ்வளவு பக்கத்துல இருந்தும் ஊருக்கு தெரியலைன்னா அதுக்கு பேப்பருக்கும் பொறுப்பு இருக்குன்னு நான் நெனக்கிறேன்.

அதனால ஐயா, என் கோரிக்கை இதான். அடுத்த தடவை "5 நிமிஷத்துல சார்ஜ் ஏறும் அதிசய பேட்டரி"ன்னு ஏஜென்சி நியூஸ் வந்தா அப்படியே போடாதீங்க. எதிர்மின்முனையில என்ன இருக்கு, கிராஃபைட்டா சிலிக்கனா லித்தியம் உலோகமான்னு ஒரு வரி, எத்தனை தடவை அப்படி சார்ஜ் ஏத்தி பாத்தாங்க, எத்தனை டிகிரி சூட்டுல பாத்தாங்கன்னு ஒரு வரி, லேப்ல விரல் நகம் அளவு செல்லா, கடையில கிடைக்கிற சாமானான்னு ஒரு வரி, இத மட்டும் கேட்டு வாங்கி போடுங்க. 25 டிகிரி ஏ.சி. ரூம்ல ஓடின செல்லு எங்க ஊரு 40 டிகிரியில அதே மாதிரி ஓடாது. சிலிக்கன்னா லித்தியம் ஏறும்போது மூணு மடங்குக்கு மேலயே ஊதும், ஊதி ஊதி தோல் வெடிக்கும், திரும்ப கட்டும், ஒவ்வொரு தடவையும் லித்தியம் போகும், அத கேக்காம சிலிக்கன் பேட்டரி வந்துருச்சுன்னு தலைப்பு போடக்கூடாது. வாரத்துல ஒரு நாள் அரைப் பக்கம் இதுக்குன்னு ஒதுக்குங்க, எழுத ஆளு வேணும்னா பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில மின்வேதியியல் பாடம் எடுக்கிற டீச்சருங்க எத்தனையோ பேர் இருக்காங்க, ஆராய்ச்சி பண்ற பசங்க இருக்காங்க, எங்கள மாதிரி கையில ஆசிட் பட்டு சட்டையெல்லாம் ஓட்டையான ஆளுங்களும் இருக்கோம். உங்க நிருபர் யாரையாவது கடைக்கு அனுப்புங்க, அந்த ரெண்டு பிளேட்டையும் கையில குடுக்கிறேன், அவங்களே கீறிப் பாக்கட்டும்.

வாத்தியாரோட பேட்டரிய இன்னும் திருப்பிக் குடுக்கல. ரொம்ப கம்மி கரண்ட்ல விட்டு விட்டு சார்ஜ் போட்டுக்கிட்டு இருக்கேன், தினமும் காலையில அவரே வந்து ஸ்டூல போட்டு உக்காந்து ஹைட்ரோமீட்டர பிடிச்சு கிராவிட்டிய அவரு டைரியில எழுதிக்கிறாரு. நேத்து வரைக்கும் நாலு செல் 1180 வந்திருக்கு. மத்த ரெண்டும் அசையல.

இப்படிக்கு,
ஒரு பேட்டரி கடைக்காரர்,
காரைக்குடி.